மரபுத் திங்களும் கல்லூரி வளாகமும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் உள்ள கல்லூரி ஒன்றின் நாட்காட்டியை எடுத்து நோக்குவோமாயின், தேர்வு நாள்களுக்கும் விடுமுறை நாள்களுக்கும் இடையே வேறு சில குறிப்புகளையும் காண்போம். பிப்ரவரி, கறுப்பர் வரலாற்றுத் திங்கள். மார்ச்சு, மகளிர் வரலாற்றுத் திங்கள். மே, ஆசிய மற்றும் பசிபிக் தீவு வழியினர்க்குரிய திங்கள். செப்டம்பர் நடுவில் தொடங்கி அக்டோபர் நடுவில் முடிவது ஹிஸ்பானிய மரபினர் திங்கள். நவம்பர், அம்மண்ணின் தொல்குடியினர்க்கு உரியது. அந்தந்தத் திங்களில் கல்லூரி முற்றத்தில் பதாகைகள் எழும். உணவுக்கூடத்தில் அம்மக்களின் உணவு பரிமாறப்படும். மாலையில் ஆடலும் பாடலும் நிகழும்.

இவற்றைக் கண்ணுறும் வெளிநாட்டார், இவை மாணவரை மகிழ்விக்க நிருவாகம் வகுத்த விழாக்கள் என்றே கருதுவர். ஆயின் இவற்றின் பிறப்பை ஆராயப் புகுந்தால் நமக்குக் கிடைக்கும் செய்தி வேறு. முதலில் தோன்றியதும் ஏனையவற்றுக்கு முன்மாதிரியாக அமைந்ததுமான பிப்ரவரித் திங்கள், பள்ளிப் பாடத்தில் இருந்த ஓர் ஓட்டையை அடைப்பதற்காக ஓர் ஆசிரியர் வகுத்த பாடத்திட்டமாகும். அது திங்களாக விரிந்ததும் மாணவரின் கோரிக்கையால்தான். இவ்வரலாற்றை அறிந்த பின்னரே இன்று இத்திங்கள்களுக்கு நேர்ந்துள்ள இடர்ப்பாட்டையும், கனடாவில் நம் மொழியின் பெயரால் தோன்றியுள்ள ஒரு திங்களையும் சரியாக எடைபோட இயலும் என்பது நம் கருத்து.

நிலக்கரிச் சுரங்கத்தில் ஒரு படிப்பகம்

கார்ட்டர் ஊட்சன் 1875-ஆம் ஆண்டு டிசம்பர் 19-ஆம் நாள் வர்ஜீனியா மாநிலத்தில் பிறந்தார். அவருடைய தாயும் தந்தையும் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள். வறுமையின் காரணமாக இளமையிலேயே மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்கங்களில் வேலைக்குச் சென்றார். அங்கே ஆலிவர் ஜோன்ஸ் என்னும் தொழிலாளர் ஒருவர் இருந்தார். உள்நாட்டுப் போரில் படைவீரராகப் பங்கேற்றவர், எழுத்தறியாதவர். அவர் தம் இல்லத்தைச் சுரங்கத் தொழிலாளர் கூடும் சிற்றுண்டிச் சாலையாக்கி, கறுப்பர் வரலாறு பற்றிய நூல்களையும் நாளிதழ்களையும் வாங்கி வைத்திருந்தார். படிக்கத் தெரிந்த இளைஞரான ஊட்சன் அவற்றை உரக்கப் படிக்க, மற்றவர் சுற்றியமர்ந்து கேட்பர். கூலியாக அவருக்குத் தின்பண்டம் கிடைக்கும். நம் ஊர்த் தேநீர்க் கடைகளில் ஒருவர் நாளிதழ் படிக்கப் பத்துப்பேர் கேட்ட காலத்தை அறிந்தவர்க்கு இக்காட்சி புதிதன்று.

தம் இருபதாம் அகவையில்தான் ஊட்சன் உயர்நிலைப் பள்ளியில் சேர முடிந்தது. இரண்டே ஆண்டுகளில் அதனை முடித்தார். பின்னர் ஆசிரியப் பணி, சில ஆண்டுகள் பிலிப்பைன்சு தீவுகளில் பணி, சிகாகோ பல்கலைக்கழகத்தில் பட்டங்கள் என்று படிப்படியாக உயர்ந்து, 1912-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வரலாற்றுத் துறையில் முனைவர் பட்டம் பெற்றார். அப்பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற கறுப்பினத்தவருள் டபிள்யூ. ஈ. பி. டுபாய்சுக்கு அடுத்து இரண்டாமவர் அவரே.

இத்துணைக் கல்வி பெற்றவர் கண்ட குறை யாதெனின், அந்நாட்டுப் பாடநூல்களில் தம் மக்களைப் பற்றி ஒன்றும் இல்லை என்பதாம். இருந்த சிறு குறிப்புகளும் அவர்களை அடிமைகளாகவோ அறிவிலிகளாகவோ மட்டுமே காட்டின. 1915-ஆம் ஆண்டு சிகாகோ நகரில் நண்பர் சிலருடன் கூடி, கறுப்பின மக்களின் வாழ்வையும் வரலாற்றையும் ஆராய்வதற்கான சங்கம் ஒன்றை நிறுவினார். மறு ஆண்டே ஆய்விதழ் ஒன்றையும் தொடங்கினார். 1926 பிப்ரவரியில் முதல் 'நீக்ரோ வரலாற்று வாரம்' அறிவிக்கப்பெற்றது. நீக்ரோ என்னும் சொல் அக்காலத்தில் அம்மக்களே தமக்கு வழங்கிக்கொண்ட பெயர். பிற்காலத்தில் அவர்களே அதனைக் கைவிட்டனர்.

அந்த வாரத்துக்காகச் சங்கம் பள்ளிகளுக்கு அனுப்பியவை எவை என்பதைக் கருதினால் அதன் நோக்கம் விளங்கும். படங்கள், பாடக் குறிப்புகள், மாணவர் நடிப்பதற்கான வரலாற்று நாடகங்கள், முக்கிய நிகழ்ச்சிகளும் நாள்களும் அடங்கிய பட்டியல்கள். முதலாண்டில் வரவேற்பு பெரிதாக இல்லை. வட கரோலினா, டெலவேர், மேற்கு வர்ஜீனியா ஆகிய மூன்று மாநிலங்களின் கல்வித் துறைகளும், பால்ட்டிமோர், வாஷிங்டன் நகரங்களின் பள்ளி நிருவாகங்களுமே ஒத்துழைத்தன. ஆயினும் சில ஆண்டுகளில் நாடெங்கும் கறுப்பின ஆசிரியர்கள் அதனைத் தம் கையில் எடுத்துக்கொண்டனர்.

ஆண்டு முழுவதும் மாணவர் கற்றதை ஊரார் முன் எடுத்துக்காட்டும் அரங்கேற்றமாகவே அவ்வாரம் அமைய வேண்டும் என்று ஊட்சன் வற்புறுத்தினார். ஏழு நாள் பேசிவிட்டு ஏனைய நாள்களில் மறந்துவிடுவதை அவர் ஏற்கவில்லை. காலப்போக்கில் வாரம் தேவையற்றதாகி, அவ்வரலாறு ஆண்டு முழுமைக்கும் உரிய பாடமாகிவிடும் என்பது அவர் எதிர்பார்ப்பு. வாரம் புகழ்பெறத் தொடங்கியதும், அதனைப் பயன்படுத்திப் பொருளீட்ட முனைந்த நூல் வணிகரும் மேடைப் பேச்சாளரும் புறப்பட்டனர். மாணவரைக் காட்டிலும் குறைவாக அறிந்தவரைப் பேச அழைக்க வேண்டாம் என்று ஊட்சன் ஆசிரியர்களை எச்சரித்தார். இவ்வெச்சரிக்கை நம் கல்லூரி மன்றங்களுக்கும் பொருந்தாமல் போகாது.

பிப்ரவரி ஏன்?

ஆண்டில் மிகக் குறுகிய மாதத்தையா கறுப்பர்க்கு ஒதுக்கினர் என்று அமெரிக்காவில் சிலர் கசப்புடன் வினவுவதுண்டு. உண்மையில் அதனைத் தேர்ந்தவர் ஊட்சனே. அடிமை முறை ஒழிய வழிவகுத்த ஆபிரகாம் லிங்கனின் பிறந்த நாள் பிப்ரவரி 12. அடிமையாகப் பிறந்து பெரும் சொற்பொழிவாளராக உயர்ந்த ஃபிரடெரிக் டக்ளசின் பிறந்த நாள் பிப்ரவரி 14. இவ்விரு நாள்களையும் கறுப்பின மக்கள் முன்பிருந்தே கொண்டாடி வந்தனர். மக்களிடம் ஏற்கெனவே வேரூன்றியிருந்த வழக்கத்தின்மீது தம் பாடத்தைக் கட்டியது ஊட்சனின் நுண்ணறிவு எனலாம்.

இங்கு டக்ளசின் பிறந்த நாளைப் பற்றி ஒரு சொல். அவருக்குத் தாம் பிறந்த நாள் தெரியாது. அடிமைகளின் பிள்ளைகளுக்கு ஆண்டைகள் அதனைச் சொல்வதில்லை. குதிரைக்கு அதன் வயது எவ்வளவு தெரியுமோ அவ்வளவே அடிமைக்கும் தெரிந்திருந்தது என்னும் பொருள்பட அவர் தம் வரலாற்றில் எழுதியுள்ளார். பிற்காலத்தில் பிப்ரவரி 14-ஐத் தம் பிறந்த நாளாகத் தாமே தேர்ந்து கொண்டார். தன் பிறப்பின் நாளைக்கூட அறியவிடாது தடுக்கப்பட்ட மனிதர் ஒருவர், தாமே குறித்துக்கொண்ட நாளை ஒட்டி அமைந்தது வரலாற்று வாரம்.

கென்ட் நகரத்து மாணவர்கள்

வாரம் திங்களாக விரிந்த இடம் ஒஹையோ மாநிலத்தின் கென்ட் அரசுப் பல்கலைக்கழகம். அங்கே 1968-இல் கறுப்பின மாணவர் ஒன்றியம் ஒன்று தோன்றியது. அவ்வாண்டு நவம்பரில் கலிபோர்னியாவின் ஓக்லண்டு நகரக் காவல்துறையினர் ஆள்சேர்ப்பதற்காகப் பல்கலைக்கழகத்துக்கு வந்தனர். கறுப்பின மக்கள்மீது கடுமையாக நடந்து கொள்வதாகப் பெயர் பெற்றிருந்த அக்காவல்துறைக்கு வளாகத்தில் இடந்தரலாகாது என்று மாணவர் உட்கார்ந்து மறியல் செய்தனர். ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்போவதாக நிருவாகம் அறிவித்தபோது, ஏறத்தாழ 250 கறுப்பின மாணவர்கள் வளாகத்தை விட்டே வெளியேறி அருகிலுள்ள அக்ரன் நகருக்குச் சென்றுவிட்டனர். நிருவாகம் நடவடிக்கையைக் கைவிட்ட பின்னரே திரும்பினர்.

திரும்பியவர்கள் வெற்றி முழக்கத்தோடு நின்றுவிடவில்லை. தம் வரலாற்றைக் கற்பிக்கப் பாடங்கள் வேண்டும், ஆசிரியர் வேண்டும் என்றனர். 1969-இல் ஆப்பிரிக்க அமெரிக்கர் பற்றிய ஆய்வுக்கென ஒரு நிறுவனம் அப்பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பெற்றது. 1976-இல் அது தனித்துறையாக வளர்ந்தது. அதே 1969 பிப்ரவரியில்தான், வாரம் போதாது, ஒரு திங்கள் முழுவதும் கறுப்பர் வரலாற்றுக்கு உரியதாதல் வேண்டும் என்னும் முன்மொழிவை மாணவரும் ஆசிரியரும் எழுப்பினர். முதற் கொண்டாட்டம் 1970 சனவரி 2 முதல் பிப்ரவரி 28 வரை நடைபெற்றது. திங்கள் என்று பெயர், நடந்ததோ ஏறக்குறைய இரண்டு திங்கள்!

கென்ட் என்றவுடன் உலகோர் நினைவுக்கு வருவது பிறிதொரு நிகழ்ச்சி. அதே 1970-ஆம் ஆண்டு மே 4-ஆம் நாள், கம்போடியாவில் அமெரிக்கப் படை புகுந்ததை எதிர்த்துக் கூடிய மாணவர்மீது மாநிலத் தேசியக் காவற்படை 13 நொடிகளில் 67 முறை சுட்டது. நால்வர் மாண்டனர், ஒன்பதின்மர் காயமுற்றனர். அத்துயரின் நிழலில், இரண்டு திங்களுக்கு முன்பு அதே வளாகத்தில் நடந்த அமைதியான தொடக்கம் பலர் கண்ணில் படாமலே போயிற்று. 1976-இல் நாட்டின் இருநூறாம் ஆண்டு விழாவின்போது குடியரசுத் தலைவர் ஃபோர்டு கறுப்பர் வரலாற்றுத் திங்களை ஏற்று அறிக்கை விடுத்தார். அரசு வந்து சேர்ந்தது மாணவருக்கு ஆறாண்டு பின்னர் என்பதை மனத்திற் கொள்ள வேண்டும்.

இதே காலத்தில் நாட்டின் மறுகோடியில், சான்பிரான்சிஸ்கோ அரசுக் கல்லூரியில் கறுப்பின, ஆசிய, இலத்தீன் அமெரிக்க, தொல்குடி மாணவர் ஒன்றுகூடி 1968 நவம்பரிலிருந்து 1969 மார்ச்சு வரை வகுப்புகளைப் புறக்கணித்தனர். அதன் விளைவாக இனங்களின் வரலாற்றையும் பண்பாட்டையும் கற்பிக்கும் தனிக் கல்விப்புலம் ஒன்று அங்கே அமைந்தது. வெவ்வேறு இனத்தார் ஒருவர் கோரிக்கைக்கு ஒருவர் துணைநின்றது அப்போராட்டத்தின் தனிச்சிறப்பு.

பிற திங்கள்கள்

ஏனைய திங்கள்களின் பிறப்பை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அவற்றுட் பல சட்டமன்ற வழியே வந்தவை. ஹிஸ்பானிய மரபு வாரம் 1968-இல் தொடங்கி 1988-இல் திங்களாயிற்று. குவாத்தமாலா, எல் சால்வடோர், ஹோண்டுராசு, நிக்கராகுவா, கோஸ்ட்டா ரிக்கா ஆகிய ஐந்து நாடுகள் 1821-இல் விடுதலையை அறிவித்த நாள் செப்டம்பர் 15 ஆதலின், அத்திங்கள் மாதத்தின் நடுவில் தொடங்குகிறது. ஆசிய வழியினர்க்கு மே அமைந்ததற்கும் இரு காரணங்கள் உண்டு. முதல் சப்பானியர் அந்நாட்டில் குடிபுகுந்த நாளாக 1843 மே 7 கொள்ளப்படுகிறது. கண்டத்தைக் குறுக்காகக் கடக்கும் இருப்புப்பாதை நிறைவெய்தியது 1869 மே 10. அப்பாதையின் மேற்குப் பகுதியை மலைகளைக் குடைந்து அமைத்தவர்கள் பெரும்பாலும் சீனத் தொழிலாளர். நிறைவு நாளன்று எடுக்கப்பட்ட புகழ்பெற்ற ஒளிப்படத்திலோ அவர்களைத் தேடித்தான் காணவேண்டும். படத்தில் விடுபட்டவர்களை நாட்காட்டியில் சேர்த்த செயல் என்று இதனைக் கூறலாம்.

உணவுக்கூடத்தில் நேர்ந்த இழிவு

பாடம் நீங்கி விழா மட்டும் எஞ்சினால் என்ன நேரும் என்பதற்குச் சான்று ஒன்று காட்டுவோம். 2018 பிப்ரவரியில் நியூயார்க் நகரத்துப் பெரும் பல்கலைக்கழகம் ஒன்றின் உணவுக்கூடத்தில், கறுப்பர் வரலாற்றுத் திங்களை முன்னிட்டுச் சிறப்பு உணவு பரிமாறப்பட்டது. விலாக்கறி, சோள ரொட்டி, கீரை, செயற்கை வண்ணமூட்டிய இனிப்பு நீர், தர்ப்பூசணிச் சுவையூட்டிய நீர் என்பன அதில் இடம்பெற்றன. மாணவி ஒருவர் இதனைக் கண்டித்து எழுத, பல்கலைக்கழகத் தலைவர் வருத்தம் தெரிவித்தார். உணவு வழங்கிய நிறுவனம் பணியாளர் இருவரை நீக்கியது.

தர்ப்பூசணியில் என்ன இழிவு என்று நம்மவர் வியக்கலாம். கோடையில் தெருவெங்கும் குவித்து விற்கும் பழந்தானே! அதற்கு ஒரு வரலாறு உண்டு. அடிமை முறை ஒழிந்தபின், விடுதலை பெற்ற மக்கள் பலர் தர்ப்பூசணி பயிரிட்டுத் தாமே சந்தையில் விற்றனர். அவர்களின் தற்சார்புக்கு அப்பழம் ஓர் அடையாளமாயிற்று. இதனைப் பொறாத தென்மாநில வெள்ளையர், சோம்பேறித்தனத்துக்கும் சிறுபிள்ளைத்தனத்துக்கும் அதனையே சின்னமாக்கிக் கேலிப்படங்களாலும் மேடைக் கூத்துகளாலும் பரப்பினர். உழைப்பின் அடையாளம் இகழ்ச்சியின் அடையாளமாகத் திரிக்கப்பட்டது.

இந்தச் செய்தி அவ்வுணவுப் பட்டியலை வகுத்தவர்க்குத் தெரிந்திருந்தால் அந்நிகழ்ச்சி நேர்ந்திராது. அதே பழத்தை வைத்துக்கொண்டே மேற்கண்ட வரலாற்றை ஒரு பக்கத்தில் அச்சிட்டு உணவு மேசையில் வைத்திருப்பின், அது நல்லதொரு பாடமாகவும் ஆகியிருக்கும். ஆதலின் உணவும் ஆடலும் கூடா என்பது நம் கட்சியன்று. நாட்டுப்புறக் கலைகளும் உணவும் ஒரு மக்களின் மரபில் பெரும் பகுதி. அவற்றோடு அவற்றின் கதையும் வரவேண்டும் என்பதே நாம் வேண்டுவது.

கரோலினாவில் ஓர் அரபு ஏடு

வளாகத்தில் பாடமாக நிலைபெறத்தக்க பொருள்கள் எத்தகையன என்பதற்கு உமர் இப்னு செய்யிதின் வரலாற்றைக் கூறலாம். ஏறத்தாழ 1770-இல் இன்றைய செனகல் நாட்டின் பகுதியான ஃபூத்தா தோரோவில் பிறந்தவர். பல்லாண்டு மார்க்கக் கல்வி கற்றவர். 1807-இல் சிறைபிடிக்கப்பட்டுக் கடல் கடத்தப்பெற்றுத் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் விற்கப்பட்டார். கொடிய ஆண்டையிடமிருந்து தப்பி வட கரோலினாவுக்கு ஓடினார். பிடிபட்டுச் சிறையில் அடைக்கப்பட்டார். சிறைச் சுவரில் அவர் எழுதியது அரபு. அதைக் கண்டு ஊரார் வியந்தனர் என்பர். அடிமைக்கு எழுத்தே கூடாது என்றிருந்த நாட்டில், எவராலும் படிக்க முடியாத எழுத்தை ஓர் அடிமை எழுதிக்கொண்டிருந்தார்!

1831-இல் அவர் தம் வாழ்க்கை வரலாற்றை அரபு மொழியில் சுருக்கமாக எழுதினார். அமெரிக்க மண்ணில் அடிமையாக இருந்தவர் அரபியில் எழுதி இன்று எஞ்சியுள்ள தன்வரலாறு இஃதொன்றே என அறியப்படுகிறது. அது 'அல்முல்க்' என்னும் திருக்குர்ஆன் அத்தியாயத்தோடு தொடங்குகிறது. ஆட்சியும் உடைமையும் இறைவனுக்கே உரியவை என்பது அவ்வத்தியாயத்தின் பொருள். மனிதனை மனிதன் உடைமையாக்கிய நாட்டில் அதனைத் தேர்ந்தெழுதியதன் உட்பொருளை ஆய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். அவர் கிறித்தவத்தைத் தழுவியதாகத் திருச்சபைப் பதிவுகள் கூறும். அவர் உள்ளம் எங்கு நின்றது என்பது இன்றும் ஆராயப்படுகிறது. 1864-இல், அடிமை முறை முற்றும் ஒழிவதற்கு ஓராண்டு முன்னர், அடிமையாகவே மறைந்தார். கையெழுத்து ஏட்டை அமெரிக்கக் காங்கிரசு நூலகம் 2017-இல் பெற்று 2019-இல் இணையவழியாக எவரும் காணுமாறு செய்தது. அவர் கையாண்ட அரபு விவிலியம் வட கரோலினாவின் டேவிட்சன் கல்லூரி ஆவணக் காப்பகத்தில் உள்ளது.

இவ்வொரு மனிதரின் வாழ்க்கை ஆப்பிரிக்க வரலாறா, அமெரிக்க வரலாறா, இசுலாமிய வரலாறா? எத்திங்களில் இவரைப் பேசுவது? மரபுகளை மாதங்களாகப் பிரித்துக் கட்டும் முறைக்கு உமர் அடங்கமாட்டார். அம்முறையின் குறைபாட்டை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று நமக்குக் கிடைக்கவில்லை.

ஆணையால் வருவதும் போவதும்

2025 சனவரி 31-ஆம் நாள் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ஓர் அறிவிப்பை வெளியிட்டது. இனி இத்தகைய திங்கள்களைக் கொண்டாடத் துறையின் பணமோ பணிநேரமோ செலவிடப்படலாகாது என்பது அதன் சாரம். அதே நாளில் குடியரசுத் தலைவர், பிப்ரவரியைக் கறுப்பர் வரலாற்றுத் திங்களாகக் கொண்டாடுமாறு வழக்கம்போல் அறிக்கையும் விடுத்தார். ஒரே அரசின் இரு கைகள் ஒரே நாளில் இருவேறு திசையில் நீண்டன. சில நாள்களில் வெஸ்ட் பாயிண்ட் படைத்துறைக் கல்லூரியில் இன, பண்பாட்டு அடிப்படையிலான மாணவர் கழகங்கள் பல உள்ளிட்டுப் பன்னிரண்டு கழகங்கள் கலைக்கப்பட்டன. கென்ட் அமைந்துள்ள ஒஹையோ மாநிலத்திலும் அவ்வாண்டு மார்ச்சில் கையெழுத்தான சட்டம் ஒன்று, அரசுப் பல்கலைக்கழகங்களில் பன்முகத்தன்மைக்கென இயங்கிய அலுவலகங்களையும் பயிற்சிகளையும் தடைசெய்தது. டெக்சாசு மாநிலத்தில் இத்தகைய சட்டம் 2024 தொடக்கத்திலேயே நடைமுறைக்கு வந்தது.

இச்சட்டங்களை ஆதரிப்போர், அவை மாணவரை இனம் இனமாகப் பிரிப்பதைத் தடுப்பன என்பர். எதிர்ப்போர், வரலாற்றை மறைப்பன என்பர். பிரிவினை பற்றிய அச்சத்தை வெறும் சாக்கு என்று நாம் ஒதுக்கவில்லை. உமரின் வரலாறே அதற்கு விடையளிக்கிறது. நன்கு கற்பிக்கப்பட்ட மரபு பிற மரபுகளின் வாயிலைச் சென்று தட்டுகிறது. அஃது ஒருபுறம் நிற்க. அலுவலகத்தின் செலவில் மட்டும் நடந்த திங்கள், அலுவலகம் மூடப்பட்டதும் நின்றுபோகக் காண்கிறோம். ஊட்சன் நிறுவிய சங்கமோ அரசின் துறையன்று. உறுப்பினர் சந்தாவிலும் நன்கொடையிலும் வளர்ந்தது. இன்றும் அதுவே ஆண்டுதோறும் பிப்ரவரிக்குரிய ஆய்வுப் பொருளை அறிவிக்கிறது. வாரம் தொடங்கி நூறாண்டு ஆவதை ஒட்டி, 2026-க்கு அது தேர்ந்த பொருள் அந்நூற்றாண்டு நினைவுகூரலின் வரலாறே ஆகும்.

சனவரியும் தமிழும்

இனி, நம் மொழியோடு நேரே தொடர்புடைய திங்களுக்கு வருவோம். இது கனடாவில் உள்ளது. ஒன்ராறியோ மாநிலச் சட்டமன்றம் 2014-இல் சனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக அறிவித்துச் சட்டம் இயற்றியது. 2016 அக்டோபரில் கனடிய நாடாளுமன்ற மக்களவையும் அவ்வாறே தீர்மானம் நிறைவேற்றியது. தைப்பொங்கல் சனவரியில் வருவதால் அம்மாதம் தேர்ந்தெடுக்கப்பட்டது. லிங்கன், டக்ளசு பிறந்த நாள்களை ஊட்சன் பற்றிக்கொண்டது போன்றதே இதுவும். அங்குள்ள தமிழருட் பெரும்பாலோர் 1983-க்குப் பின் இலங்கையினின்று ஏதிலியராய்ச் சென்றவர்கள். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 பேரை அவ்வூர் மீனவர் மீட்டது அவர்தம் நினைவில் நிலைத்த நிகழ்ச்சி.

சட்டமன்றம் தந்த திங்களோடு அவர்கள் நிறைவடையவில்லை என்பது பாராட்டுக்குரியது. டொரண்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்கார்பரோ வளாகத்தில் தமிழ் இருக்கை அமைக்க 2018-இல் நிதி திரட்டத் தொடங்கி, 2021-இல் முப்பது இலட்சம் டாலர் என்னும் இலக்கை எட்டினர். தமிழ்நாட்டரசும் ஒரு கோடி ரூபாய் வழங்கியது. திங்கள் ஒன்று கல்வியாக வேரூன்றுவதற்கான வழி இதுவே. கென்ட் மாணவர் கேட்ட பாடமும் ஆசிரியரும் போன்றதுதான் இந்த இருக்கையும்.

ஆனால் அவ்வளாகத்தில் தமிழ் மரபு என்று எது காட்டப்படும்? பொங்கற் பானை, கோலம், பரதம் ஆகியவற்றோடு நின்றுவிட்டால் அது நியூயார்க் உணவுக்கூடத்தின் நல்லெண்ணப் பதிப்பாகவே முடியும். பௌத்தம் மணிமேகலையையும், சமணம் சிந்தாமணியையும், கிறித்தவம் தேம்பாவணியையும், இசுலாம் சீறாப்புராணத்தையும் தந்த மொழி தமிழ். உமறுப்புலவரின் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களைத் தொடாமல் தமிழ்க் காப்பிய வரலாற்றைக் கூறலாகாது. கண்டியைச் சேர்ந்த சித்திலெவ்வையின் 'அசன்பே சரித்திரம்' 1885-இல் வெளிவந்தது. தமிழ்ப் புதினத்தின் தொடக்க காலப் படைப்புகளுள் அது ஒன்று. இலங்கையின் முஸ்லிம்கள் தம்மைத் தனியினமாகக் கருதுவர். அவர்களிற் பெரும்பாலோர் வீட்டில் பேசுவதும் ஏட்டில் எழுதுவதும் தமிழே. அவர்கள் மரபுக்குச் சனவரியில் இடம் உண்டா என்பது ஸ்கார்பரோவில் கேட்கப்பட வேண்டிய வினா.

இதில் துயரமான பகுதியும் உண்டு. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதைத் தமிழர் மறப்பதில்லை, மறக்கவும் கூடாது. 1990 அக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் பல்லாயிரவர் விடுதலைப் புலிகளால் சில மணி நேரத்திலும் சில நாளிலுமாக ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டதும் அதே மண்ணின் வரலாறே. யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குத் தரப்பட்ட கெடு இரண்டு மணி நேரம். ஊட்சன் பாடக்குறிப்பு எழுதியிருந்தால் இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதியிருப்பார் என்று நாம் நம்புகிறோம். பட்ட காயத்தை மட்டும் பாடமாக்கி, இழைத்த காயத்தை விட்டுவிடும் ஆசிரியரை மாணவர் ஒருநாள் கேள்வி கேட்பர்.

சனவரிக்கென ஒரு பாடம் வகுக்குமாறு எவரேனும் நம்மைக் கேட்பாராயின், நாம் அனுப்ப விரும்புவது ஒரே ஓர் அரபுத்தமிழ் ஏட்டின் படியைத்தான். காயல்பட்டினம், கீழக்கரை முதல் இலங்கைக் கரைவரை வழங்கிய எழுத்து முறை அது. எழுத்து அரபு, மொழி தமிழ். அதனை உமர் இப்னு செய்யிதின் கரோலினா ஏட்டுப் படத்தின் அருகில் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். பின்னர் ஒருவர் முதல் ஏட்டை உரக்கப் படிக்கட்டும். அரபு எழுத்தில் ஒன்றைக்கூட அறியாத தமிழ் மாணவருக்கும் அது விளங்கும்.